நடும் கையும் முடிவெடுக்கும் மனமும்: பள்ளி வளாகப் பசுமையாக்கத்தில் மாணவர் பங்கு

2023இல் வெயில் கடுமையால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளின் திறப்பு ஜூன் 1இலிருந்து 7ஆம் தேதிக்கும், பின்னர் 12ஆம் தேதிக்கும் தள்ளிப்போயிற்று. 2024இலும் ஜூன் 6 என்றிருந்த நாள் ஜூன் 10 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயில் பள்ளி நாட்காட்டியையே திருத்தத் தொடங்கிவிட்ட நிலையில், வளாகத்தில் நிழல் வளர்ப்பது வகுப்பறை கட்டுவதற்கு நிகரான பணி. அப்பணியில் மாணவரை நடும் கைகளாக மட்டும் கொள்ளும் நடைமுறை மரத்தையும் காப்பதில்லை, கல்வியையும் வளர்ப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2001இல் தொடங்கிய, பள்ளிச் சூழல் மன்றங்களின் திட்டமான தேசியப் பசுமைப் படை சூழல் அக்கறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. ஆயினும் மரம் நடு விழாக்கள் பலவற்றில் இடமும் இனமும் முன்னரே முடிவாகிவிடுகின்றன. மாணவர் கன்றைப் பிடித்து நிற்கிறார், அவ்வளவே. 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட நூலில் ரோஜர் ஹார்ட் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். கையாளப்படுதல், அலங்காரமாக நிறுத்தப்படுதல், ஒப்புக்குச் சேர்க்கப்படுதல் என்னும் அடிப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கொள்ளவில்லை. நம் விழாக்கள் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றன.

இதன் விளைவை மண்ணில் காணலாம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் நட்ட வேம்போ புங்கனோ ஈரமண்ணில் வேர்விட்டுக் கோடையை எதிர்கொள்ளும். ஜூனில் நட்டது வெயிலோடு வாழ்வைத் தொடங்கும். மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்னும் கேள்வியும் விழா மேடையில் எழுவதில்லை. நாள்தோறும் வளாகத்தில் நடமாடுவோரைக் கேட்டிருந்தால் இவ்விரண்டும் முதலில் எழுந்திருக்கும்.

மாணவர் பங்கு அளவெடுப்பில் தொடங்க வேண்டும். நண்பகலில் பேவர் பிளாக் தரை, வெறுமண், மரநிழல் ஆகியவற்றின் வெப்பத்தை வெப்பமானியால் குறிப்பது, மழை நாளில் நீர் தேங்கும் இடத்தையும் வழிந்தோடும் திசையையும் வரைவது, கைகழுவும் குழாயடி நீர் எங்கே போகிறது என்று பார்ப்பது ஆகியவை ஆறாம் வகுப்பு மாணவரால் இயலும். அவ்வரைபடமே எங்கே மரம், எங்கே மழைநீர்க் குழி, எங்கே முருங்கைப் பாத்தி என்பதைக் காட்டும்.

முற்றத்தின் வடிவமைப்பில் குழந்தைகள் பங்கேற்க முடியும் என்பதற்குப் பாரிஸ் நகரம் சான்று. 2017இல் வகுத்த மீள்திறன் உத்தியின் வழியே, 2018 முதல் அங்குள்ள பள்ளி முற்றங்கள் ‘ஒயாசிஸ்’ முற்றங்களாக மாறிவருகின்றன. தார்ப்பரப்பை அகற்றி, நீர் இறங்கும் தரையும் மரங்களும் அமைக்கிறார்கள். வடிவமைப்புப் பட்டறைகளில் குழந்தைகளும் அமர்கிறார்கள். முற்றத்தின் நடுவைப் பந்தாடும் சிறுவர் கொள்ள, சிறுமியர் ஓரங்களில் ஒதுங்கும் வழக்கமும் அங்கே வடிவமைப்புக் கேள்வியாயிற்று. வெப்பத்தைப் பற்றிய உரையாடல் இடப் பகிர்வின் நீதியையும் தொட்டது.

பிள்ளைகளுக்கு இதற்கான அறிவு போதாது, அவர்கள் தேர்ச்சி பெற்றுப் போய்விடுவார்கள் என்பன வலுவான மறுப்புகள். முதலாவதற்கு விடை பொறுப்பைப் பிரிப்பது: கட்டடத்துக்கும் மரத்துக்குமான இடைவெளி, மின்கம்பி, தரைச்சரிவு ஆகியவற்றைப் பொறியாளர் முடிவு செய்யட்டும், நிழல் எங்கே தேவை என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். இரண்டாவதற்கு விடை கைமாற்றம்: ஆறாம் வகுப்பு அளக்க, ஏழாம் வகுப்பு திட்டமிட, எட்டாம் வகுப்பு பராமரித்துக் குறிப்பேட்டை அடுத்த அணியிடம் ஒப்படைக்கலாம். கோடை விடுமுறையில் நீரூற்றும் முறைப்பட்டியலைப் பெற்றோர் அமர்ந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கலாம்.

சூழல் தொடர்பான முடிவுகளில் குழந்தைகளின் கருத்துக்கு உரிய மதிப்பு வேண்டும் என ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2023இல் தன் 26ஆம் பொதுக் கருத்துரையில் வலியுறுத்தியது. அந்த உரிமையைச் செயற்படுத்தப் பள்ளி முற்றத்தைவிட அருகிலுள்ள இடம் வேறில்லை. எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணுவதை விடுத்து, மூன்றாம் கோடையைக் கடந்தவை எத்தனை, அவற்றின் இடத்தைத் தேர்ந்தவர் யார் என்று நம் பள்ளிகள் கணக்கெழுதத் தொடங்க வேண்டும்.