உண்டியல், மணியார்டர், அப்புறம் "இன்னிக்கு ரேட் என்ன?"

வெளிநாட்டில் நாலு தமிழர் சேர்ந்தால் பேச்சு சினிமாவில் ஆரம்பித்து அரசியலுக்குப் போய், கடைசியில் "இன்னிக்கு ரேட் என்ன?" என்று வந்து நிற்கும். எதில் அனுப்பினால் கமிஷன் கம்மி, எது உடனே போய்ச் சேரும், எவன் பத்து பைசா கூடக் கொடுக்கிறான்... இந்த ஆராய்ச்சி ஏதோ இன்டர்நெட் வந்தப்புறம் ஆரம்பித்தது இல்லீங்க. நூறு வருஷத்துக்கு மேலாக நம்மாட்கள் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ரசீதில் அச்சடித்த கமிஷன் எப்பவுமே சின்னது. பெரிய வெட்டு வேறெங்கோ ஒளிஞ்சிருக்கும்.

முதலில் உண்டியல். கோயில் உண்டியல் இல்லை. நகரத்தார் எழுதின உண்டியல். ரங்கூன் மொகல் தெருவிலோ, சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியிலோ பணத்தைக் கட்டினால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தபாலில் ஊருக்கு அனுப்பினால், சென்னையிலோ காரைக்குடியிலோ இருக்கிற கடையில் காட்டிப் பணம் வாங்கிக்கலாம். பார்த்தவுடன் பணம் தரவேண்டியது ஒரு வகை, தவணை முடிந்தபின் தருவது இன்னொரு வகை. பணம் கப்பல் ஏறவே இல்லை என்பதுதான் இதில் அழகு. அங்கே ஒரு பேரேட்டில் வரவு, இங்கே ஒரு பேரேட்டில் பற்று. அவ்வளவுதான்.

இதுக்குக் கூலி? நிலையான கூலி என்று ஒன்றும் கிடையாது. பர்மாவில் நெல் அறுவடை சமயத்தில் எல்லாருக்கும் ரங்கூனில் பணம் வேணும். அப்போது சென்னையிலிருந்து அங்கே அனுப்பினால் கூடுதலாக அழணும். அதே நேரத்தில் ரங்கூனிலிருந்து ஊருக்கு அனுப்புகிறவனுக்கு சல்லிசு. ஏன்னா அவன் அங்கே கட்டுகிற காசுக்குத்தான் கிராக்கி. சந்தை நிலவரம்தான் கமிஷன்.

ஆனால் ஒன்று சொல்லணும். இந்த உண்டியல் பெரும்பாலும் வியாபாரிகளுக்கானது. தோட்டத்தில் பால் மரம் வெட்டினவனுக்கு ஊர் திரும்புகிற ஆளிடம் கொடுத்தனுப்புவது ஒரு வழி, மணியார்டர் இன்னொரு வழி. இந்தியாவில் தபால் இலாகா மணியார்டரைத் தொடங்கியது 1880-ல். வீட்டு வாசலுக்கே தபால்காரர் வந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அடியில் ஒரு துண்டில் நாலு வரி சேதியும் எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு அது கடுதாசி, சம்பளம் இரண்டும் ஒன்றாக வந்த மாதிரி. தபால்காரருக்குக் கொடுக்கிற இனாம் எந்தக் கட்டண அட்டவணையிலும் வராது என்பது வேற விஷயம் :)

இப்போ அந்த ஒளிஞ்சிருந்த வெட்டுக்கு வருவோம். இலங்கையிலும் பர்மாவிலும் வேலை பார்த்தவனுக்குக் கூலியே ரூபாயில்தான். பர்மாவில் ஓடியது இந்திய ரூபாய். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கொன்று சமம். அங்கே ரேட் என்ற தலைவலியே இல்லை. மலாயாக்காரன் பாடுதான் வேற. அவனுக்குக் கூலி வெள்ளியில். (மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்பது அந்தக் காலத்துப் பழக்கம்தான்.)

1906-ல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று பிரிட்டிஷ்காரன் நிர்ணயம் செய்துவிட்டான். ரூபாய் அப்போது 16 பென்ஸ். ஆக, 10 வெள்ளி அனுப்பினால் ஊரில் 17 ரூபாய் 8 அணா. முதல் உலகப் போர்க் காலத்தில் ரூபாய் மதிப்பு ஏறி இறங்கிக் கூத்தடித்தது. பிறகு ஹில்டன் யங் கமிஷன் சொன்னபடி 1927-ல் சட்டம் போட்டு ரூபாயை 18 பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். வெள்ளியோ அதே 28-ல் நிற்கிறது. இப்போ அதே 10 வெள்ளிக்கு ஊரில் கிடைப்பது ஏறக்குறைய 15 ரூபாய் 9 அணா.

கிட்டத்தட்ட 11 சதம் குறைச்சல்! 1920-களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு கூலி. பழையபடி பதினேழரை ரூபாய் வீட்டுக்குப் போய்ச் சேரணும்னா பத்து வெள்ளி போதாது, பதினொண்ணேகால் வெள்ளி கட்டணும். அந்த ஒண்ணேகால் வெள்ளி ஒரு ஆணுக்கு இரண்டரை நாள் கூலி. பெண்ணுக்கு மூணு நாளைக்கும் மேல். எந்த மணியார்டர் ரசீதிலும் இது கட்டணமாக அச்சாகவில்லை.

கமிஷனில் உட்கார்ந்திருந்த புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் 18 பென்ஸ் கூடாது, 16 தான் வேணும் என்று மாற்றுக் கருத்து எழுதினார். அந்தச் சண்டை பெரும்பாலும் ஏற்றுமதி, இறக்குமதி, விவசாயி விலை பற்றியது. பால் மரம் வெட்டுகிறவன் இரண்டரை நாள் சேர்த்து வெட்டின கதையை நாமதான் பென்சிலும் பேப்பருமா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

அந்நியச் செலாவணிக்கென்றே ஒரு வங்கி வேணும் என்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியது 1937 பிப்ரவரி 10-ல். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். அஞ்சே வருஷத்தில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது.

வளைகுடா கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். குவைத், பஹ்ரைன், துபாய் எல்லா இடத்திலும் ஒரு காலத்தில் நம்ம ரூபாய்தான் ஓடியது என்று சொன்னால் சின்னப் பசங்க நம்பமாட்டார்கள். தங்கக் கடத்தல் தாங்காமல் 1959-ல் ரிசர்வ் வங்கி அங்கே செல்ல மட்டும் தனி நோட்டு அடித்தது. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக இறக்கினார்கள். ரூபாய் மிச்சமிருந்த வளைகுடா நாடுகளில் பெரும்பாலானவை அந்த வருஷமே வேற பணத்துக்கு மாறின. பிறகு எண்ணெய்ப் பணம் பெருகி நம்மாட்கள் கூட்டம் கூட்டமாகப் போனபோது கைகொடுத்தது டிராஃப்ட். பதிவுத் தபாலில் வந்த டிராஃப்டை ஊர் வங்கியில் போட்டால், கலெக்ஷனுக்குப் போய்ப் பணமாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களுக்கு வட்டி யாருக்கு? கமிஷன் கம்மிதான், ஒத்துக்கறேன்.

இந்தக் காலத்தில்தான் பழைய உண்டியல் வேற வேஷத்தில் திரும்பி வந்தது. அரசாங்கம் ஒரு ரேட் வைக்கும், கள்ளச் சந்தை அதைவிடக் கூடக் கொடுக்கும். வித்தியாசம் பெரிசாக ஆக, ஹவாலாக்காரன் வாசலில் கூட்டம். 1992 மார்ச்சில் இரட்டை ரேட் கொண்டுவந்தார்கள். வருகிற பணத்தில் 40 சதம் அரசு ரேட்டில், 60 சதம் சந்தை ரேட்டில். மறு வருஷம் அதையும் ஒன்றாக்கினார்கள். 1990-91-ல் இந்தியாவுக்கு முறையான வழியில் வந்தது சுமார் 2 பில்லியன் டாலர், 1994-95-ல் சுமார் 8 பில்லியன். இவ்வளவும் புதிதாகச் சம்பாதித்த காசு இல்லை என்பது என் கட்சி. ஏற்கெனவே வேற வழியில் வந்துகொண்டிருந்ததில் ஒரு பகுதி, ரேட் நியாயமானதும் வாசல் மாறி வந்தது.

இதே பாடத்தை இலங்கை சமீபத்தில் படித்தது. அங்கே இன்னமும் பெயர் 'உண்டியல்'தான். 2021 கடைசியில் வங்கி ரேட்டை டாலருக்கு 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியல்காரர் 30, 40 ரூபாய் கூடக் கொடுத்தார். வங்கியில் அனுப்புங்க, டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று மத்திய வங்கி கூவிப் பார்த்தது. யார் கேட்பார்? 2020-ல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வரவு 2021-ல் 5.5, 2022-ல் 3.8 என்று சரிந்தது. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் டாலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. வீட்டுக்கு நாலு காசு கூடப் போகட்டும் என்று உண்டியலில் போட்டவனைத் தேசத்துரோகி ரேஞ்சுக்குத் திட்டினதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. அவன் பார்த்தது வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று. 1927-ல் மலாயாக்காரனுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை.

இப்போ ஆப் காலம். 2011-ல் லண்டனில் இரண்டு எஸ்டோனியக்காரர்கள் தொடங்கிய டிரான்ஸ்ஃபர்வைஸ் (2021-லிருந்து வெறும் வைஸ்) சந்தை ரேட்டை அப்படியே காட்டி, கட்டணத்தைத் தனியாகப் போடுகிறது. 'கமிஷன் பூஜ்யம்' என்று போர்டு மாட்டி ரேட்டில் கை வைப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். உலக வங்கி 200 டாலர் அனுப்பக் கணக்கெடுக்கும்போது கட்டணத்தோடு ரேட் வித்தியாசத்தையும் சேர்த்தே கூட்டுகிறது. அப்படிப் பார்த்தால் உலகச் சராசரி இன்னும் 6 சதத்துக்கு மேலே. 2030-க்குள் 3 சதமாக்கணும் என்பது ஐ.நா. இலக்கு. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம்ம யுபிஐ-யையும் இணைத்தார்கள், போன் நம்பர் இருந்தால் போதும்.

ஒரு வேடிக்கை. நம்ம உள்நாட்டு மணியார்டருக்கு 20 ரூபாய்க்கு 1 ரூபாய் என்றுதான் ரொம்ப வருஷம் கமிஷன் வாங்கினார்கள். 5 சதம்! பம்பாயில் மூட்டை தூக்கித் திருநெல்வேலிக்கு அனுப்பியவன் கட்டின வீதம் அது.

ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய கதையில் ரஜூலா கப்பல் பெரிய அத்தியாயம். நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதைத் தனியாகத்தான் எழுதணும். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அதில் போயிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க.