முப்பது சதவீதம் பிறந்த கதை

தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் துணி எடுத்தால் பில்லில் விலைக்குக் கீழே 30 சதவீதத் தள்ளுபடி கழிந்திருக்கும். ஆடித் தள்ளுபடி வியாபாரியின் ஏற்பாடு: கல்யாணம் காட்சி இல்லாத மாதத்தில் சரக்கு நகர வேண்டும் என்று தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார். கைத்தறி ரிபேட்டின் கதை வேறு. அது நெசவாளர் வீட்டுப் பசியில் பிறந்தது.

அந்தப் பசியைப் புரிந்துகொள்ள இரண்டு ஊர்களைப் பார்த்தால் போதும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1930களில் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அது நூல் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கமோ தறிச் சத்தம் கேட்ட ஊர்கள். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றன. 1952 வாக்கில் நிலைமை தலைகீழானது. நெய்த துணி விற்காமல் மலைபோலத் தேங்கியது. கூலி இல்லை. சென்னை மாநிலம் முழுக்க நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ராஜபாளையத்துக்காரரான முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா அந்த ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றுப்போனார்.

அடுத்து வந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே என்று ஒதுக்கும்படி டெல்லியிடம் வலியுறுத்தினார். அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றதை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

ராஜாஜி கேட்டதை டெல்லி முழுதாகத் தரவில்லை. 1952இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது. 1953இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை என, அந்தக் காலத்து அணா-பைக் கணக்கில், கூடுதல் தீர்வை போட ஒரு சட்டம் வந்தது. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும் போனது. அதன் ஒரு பங்குதான் வாங்குபவருக்குத் தள்ளுபடியாக வந்தது. மில் துணி எடுத்தவர் கொடுத்த சில்லறை, கைத்தறி எடுத்தவர் பில்லில் கழிந்தது. இவ்வளவு நேரான நியாயம் நம் வரிச் சட்டங்களில் அபூர்வம்.

1935இலிருந்து இயங்கிவந்த கோ-ஆப்டெக்ஸ் இந்த ரிபேட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தீர்வை பின்னால் போய்விட்டது. பண்டிகைத் தள்ளுபடி மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அந்தத் தள்ளுபடியின் சுமை அரசினுடையது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நூல் தருகிறது, சேலையை வாங்கிக் கூலி தருகிறது. சேலை விற்றால்தான் அடுத்த பாவுக்கு நூல். விட்டுக்கொடுத்த தள்ளுபடித் தொகை அரசிடமிருந்து சங்கத்துக்கு வரத் தாமதமானால், சிரமப்படுவது தறிக்குழியில் கால் வைத்திருப்பவர்தான்.

அதனால் கடைக்கு நேரில் போங்கள் என்றே சொல்வேன். சேலையை விரித்துக் கரையோரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலத்தை இழுத்துப் பிடிக்க ஊசி பதித்த கட்டை வைப்பார்கள். அந்த ஊசி குத்திய சின்னத் துளைகள் இரண்டு ஓரத்திலும் இருக்கும். முந்தியைத் திருப்பினால் நூல் மாற்றிய இடம் விரலில் தட்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர்கள் இருக்கும்வரை இந்தச் சோதனை தேவை. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இல்தான் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு 11ஆகக் குறைந்தது. ராஜாஜி கேட்ட சேலையும் வேட்டியும் சில வரையறைகளோடு அதில் உண்டு.

கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள சீட்டு இருக்கும். பருத்திச் சேலைக்கும் அதைக் கேளுங்கள். எந்தச் சங்கத்துச் சேலை என்றாவது கேளுங்கள். சுந்தரபாண்டியம் என்று பதில் வந்தால், உங்கள் தீபாவளிப் பணம் அந்த ஊர்த் தறிக்கே போகிறது.