மண் தாங்கும் எண்டு சொன்னார்கள்: ஹான்போர்ட்டின் நிலத்தடி நீர்

1973 ஏப்ரல் மாதக் கடைசியில், அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹான்போர்ட் என்ற இடத்தில், நிலத்துக்குள் புதைத்திருந்த ஒரு தாங்கி ஒழுகத் தொடங்கியது. ரி-106 என்பது அதற்கு வைத்திருந்த இலக்கம். உள்ளே இருந்தது அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கதிரியக்கக் கழிவு. ஜூன் 8ஆம் திகதி ஒழுக்கைக் கண்டுபிடிக்கும்போது 115,000 கலன், அதாவது ஏறக்குறைய 435,000 லீற்றர், மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

ஒருத்தரும் கவனிக்காமல் விட்ட தாங்கியாக்கும் எண்டு நினைப்பீர்கள். இல்லை. அந்தக் கிட்டத்தட்ட ஏழு கிழமையும் தாங்கியின் மட்டத்தை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். மட்டம் இறங்குவது தாளில் பதிவாகிக்கொண்டே இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து "இது ஒழுகுது" என்று சொல்லவேண்டியவர்கள் பார்க்கவில்லை. அளவீடு இருந்தது, வாசிப்புத்தான் இல்லை.

ஹான்போர்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அணு உலையையும் நாகசாகியையும் பற்றித்தான் எழுதுவார்கள். நான் இங்கே பார்க்க நினைப்பது அதற்குக் கீழே இருக்கிற மண்ணையும் தண்ணியையும். ஒரு நிலம் கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஏன் அதற்கு நாற்பது, ஐம்பது வருசம் எடுக்கிறது? வரலாறு படிக்கிற ஆளுக்கு உதில என்ன வேலை எண்டு கேட்டால், கனக்க வேலை இருக்கு எண்டுதான் சொல்லுவன்.

பழத்தோட்டம் இருந்த இடம்

1943இன் தொடக்கத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஏறத்தாழ 586 சதுர மைல் நிலத்தை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. ஹான்போர்ட், வைற் பிளவ்ஸ் என்ற இரண்டு சின்ன ஊர்களும் அதற்குள் அடங்கின. பழத்தோட்டமும் பண்ணையும் வைத்திருந்த சனம் வெளியேற்றப்பட்டது. பலருக்குக் கிடைத்த அவகாசம் ஒரு மாதத்தைச் சுற்றித்தான். அவர்களுக்கு முன்பே அந்த ஆற்றோடு வாழ்ந்த வனாபம் பூர்வகுடி மக்களும் தங்கட குளிர்கால இருப்பிடங்களை இழந்தார்கள். என்ன கட்டப்போகிறோம் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. அங்கே வேலை செய்தவர்களிலேயே பெரும்பாலானோருக்கு 1945 ஓகஸ்டில் குண்டு விழுந்த பிறகுதான் தாங்கள் எதைச் செய்தோம் என்று தெரியவந்தது.

1944 செப்டெம்பரில் 'பி' உலை இயங்கத் தொடங்கியது. நாகசாகியில் போட்ட குண்டின் புளுட்டோனியம் இங்கிருந்துதான் போனது. பிறகு பனிப்போர் வந்தது. ஆற்றங்கரையில் உலைகளின் எண்ணிக்கை ஒன்பதாகியது. கடைசி உலை 1987இல் நிறுத்தப்பட்டது.

ஒரு தொன் யுரேனியத்தை உலையில் வைத்து எடுத்தால் அதிலிருந்து கிடைப்பது சில நூறு கிராம் புளுட்டோனியம்தான். அதைப் பிரித்தெடுக்க யுரேனியத்தை அமிலத்தில் கரைக்கவேண்டும், கழுவவேண்டும், திரும்பவும் கழுவவேண்டும். புளுட்டோனியம் போத்தலில் போகும், மிச்சமெல்லாம் கழிவு. மிகக் கடுமையானதை நிலத்தடித் தாங்கிகளில் ஊற்றினார்கள். 1943க்கும் 1964க்கும் இடையில் கட்டிய ஒற்றைச் சுவர்த் தாங்கிகள் 149, பிறகு கட்டிய இரட்டைச் சுவர்த் தாங்கிகள் 28. இன்றைக்கும் அவற்றில் ஏறக்குறைய 56 மில்லியன் கலன் கழிவு இருக்கிறது. ஒற்றைச் சுவர்த் தாங்கிகளில் 67 ஒழுகியவை, அல்லது ஒழுகியதாகக் கருதப்படுபவை.

கடுமை குறைந்த கழிவை நேராக மண்ணுக்குள்ளேயே விட்டார்கள். குளம், வாய்க்கால், அகழி, இவற்றோடு எங்கட வீடுகளின் ஊறுகுழி மாதிரி நிலத்துக்குள் கட்டிய குழிகள். காலப்போக்கில் இப்படி இறக்கிய திரவத்தின் அளவு ஏறத்தாழ 450 பில்லியன் கலன். அதில் பெரும்பகுதி அவ்வளவாக மாசுபடாத குளிராக்கும் நீர் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தத் தண்ணிதான் பிறகு பெரிய பிரச்சினையாகியது.

மண் எப்படித் தாங்கும்?

இதைச் செய்தவர்களை மடையர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. கழிவு பிரித்த பகுதி ஆற்றை விட்டுத் தள்ளி ஒரு மேட்டுநிலத்தில் இருந்தது. அங்கே நிலத்தடி நீர்மட்டம் 60 மீற்றருக்கும் கீழே. மழையும் மிகக் குறைவு. அவ்வளவு தடிப்பான வறண்ட மண்படை இருக்கும்போது, களித் துணிக்கைகள் கதிரியக்க அயன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். அது பாதி உண்மையும்கூட. சீசியம், ஸ்ட்ரொன்சியம், புளுட்டோனியம் போன்றவை சாதாரண நிலையில் மண்ணில் ஒட்டிக்கொள்ளக்கூடியவை. ஒரு குழியின் கீழுள்ள மண் எவ்வளவு திரவத்தைத் தாங்கும் என்று கணித்து, அந்த அளவு ஊற்றியதும் அடுத்த குழிக்குப் போனார்கள்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இப்படியே பல தசாப்தங்கள் போனால் பாரதூரமாக முடியும் என்று அணுசக்தி ஆணைக்குழுவின் ஆலோசனைச் சபை ஒன்றே 1948இல் சொல்லியிருந்தது. ஊற்றுவது நிற்கவில்லை. உற்பத்தி அவசரம், மண்ணுக்கோ கூலி இல்லை.

கணக்கு மூன்று இடங்களில் பிழைத்தது.

முதலாவது, எல்லாமே மண்ணில் ஒட்டுவதில்லை. திரித்தியம் தண்ணியின் ஒரு பகுதியாகவே ஓடும். தெக்னீசியம்-99 அந்தக் கழிவில் எதிர்மின் அயனாக இருப்பதால் களி அதைப் பிடிக்காது. அதன் அரைவாழ்வுக் காலம் 2 இலட்சம் வருசத்துக்கு மேல். ஒட்டாதது, அழியாதது, இரண்டும் சேர்ந்தால் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, உப்பு. தாங்கிக் கழிவில் சோடியம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. களியில் சீசியம் உட்காரவேண்டிய இடத்தையெல்லாம் சோடியம் பிடித்துக்கொண்டால் சீசியம் கீழே போகத்தானே வேண்டும். ஆய்வுகூடத்தில் மண்ணில் ஒட்டிய அதே சீசியம், வெளியே இந்த உப்புக் கழிவோடு சேர்ந்தபோது இறங்கிப் போனது.

மூன்றாவது, அந்தக் குளிராக்கும் நீர். கொட்டிய தண்ணியால் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் 20 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. நிலத்துக்குள் ஒரு தண்ணி மேடு. அந்த மேட்டிலிருந்து நீர் புதிய திசைகளில் வழியத் தொடங்கியது. 1990களின் நடுவில் கொட்டுவது நின்றபோது மேடு மெல்ல இறங்கியது. அப்போது அவதானிப்புக் கிணறுகள் பல வற்றிப்போயின. பழைய இடத்தில் தண்ணி இல்லையென்றால் ஒப்பிடப் பழைய தொடரும் இல்லை, புதுக் கிணறு அடிக்கவேண்டும். ஒரு கிணற்றின் ஒரு நாள் அறிக்கையை வைத்து ஒரு இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமுடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

குழாய் வழியா, மண் வழியா?

தாங்கிகளைச் சுற்றி இரும்புக் குழாய் இறக்கிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1990களின் நடுவில் அவற்றுக்குள் காமா கதிர் அளக்கும் கருவிகளை இறக்கி, எந்த ஆழத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று புதிதாகப் பார்த்தார்கள். எஸ்எக்ஸ் என்ற தாங்கித் தொகுதியில் சீசியம்-137 ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்தில் தெரிந்தது. பழைய கணக்குப்படி அது அங்கே இருக்கக்கூடாது.

உடனே ஒரு வாதம் வந்தது: சீசியம் மண்ணுக்குள்ளால் போகவில்லை, இரும்புக் குழாயின் வெளிச்சுவரை ஒட்டி வழிந்திருக்கும், ஆகவே துளை போட்டதால் வந்த பொய்த் தடயம் இது. சும்மா தட்டிவிடக்கூடிய வாதம் இல்லை, அப்படி நடக்கக்கூடியதுதான். தீர்க்க ஒரே வழி, கவனமாகப் புதுத் துளை போட்டு மண்ணையே எடுத்துப் பார்ப்பது. பார்த்தார்கள். சீசியம் மண்ணுக்குள் இருந்தது. 1997இல், தாங்கிக் கழிவு நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டது என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ஒப்புக்கொண்டது. தொடுவதற்கு ஆயிரக்கணக்கான வருசம் எடுக்கும் என்று சொல்லி வந்த இடம் அது.

இந்த ஆய்வின் பாதி ஆவணக் காப்பகத்தில் நடந்தது. எந்தத் தாங்கியில் எந்த வருசம் எந்தக் கழிவு ஊற்றப்பட்டது, எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது என்பதை உற்பத்திக்காலப் பதிவேடுகளைச் சேர்த்துத்தான் திருப்பிக் கட்டினார்கள். பிஎக்ஸ்-102 என்ற தாங்கி 1951இல் நிரம்பி வழிந்து பல தொன் யுரேனியம் மண்ணுக்குள் போயிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் யுரேனியம் கண்டபோது, அதன் சமதானிகளின் விகிதத்தைக் கைரேகை மாதிரி ஒப்பிட்டு அந்தப் பழைய வழிவோடு பொருத்தினார்கள். இரசாயனவியலாளர் விகிதத்தைச் சொன்னார். 1951இல் என்ன நடந்தது என்று சொன்னது ஒரு பழைய தாள். தாள் இல்லாவிட்டால் கைரேகையை யாருடையதோடு ஒப்பிடுவது?

தாள்கள் எப்படி வெளியே வந்தன

அந்தத் தாள்கள் தானாக வெளியே வரவில்லை. ஹான்போர்ட் பல தசாப்தங்கள் இரகசியப் பிரதேசம். 1980களில் பக்கத்து ஸ்போகேன் நகரத்துக் குடிமக்கள் அமைப்பும், கரென் டோர்ன் ஸ்டீல் போன்ற பத்திரிகையாளர்களும் தொடர்ந்து கேட்டு நெருக்கினார்கள். 1986 பெப்ரவரியில் எரிசக்தித் திணைக்களம் 19,000 பக்க ஆவணங்களை வெளியிட்டது. 1949 டிசம்பரில் ஒரு பரிசோதனைக்காக வேண்டுமென்றே கதிரியக்க அயடீனைக் காற்றில் விட்ட 'கிரீன் ரன்' சம்பவத்தை வெளியுலகம் அதன் பிறகுதான் அறிந்தது. காற்று வீசிய பக்கத்தில் வாழ்ந்த விவசாயக் குடும்பங்கள் தங்கட வருத்தங்களுக்குக் காரணம் கேட்கத் தொடங்கின. 1989இல் எரிசக்தித் திணைக்களம், மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம், வொஷிங்டன் மாநிலம் மூன்றும் துப்புரவுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முன்பு தன்னைத் தானே அளந்து தனக்குத் தானே அறிக்கை எழுதிய நிறுவனத்துக்கு மேலே, கேள்வி கேட்கச் சட்ட அதிகாரம் உள்ள இரண்டு தரப்புகள் வந்தன. என்ர பார்வையில் ஹான்போர்ட் கதையின் திருப்பம் இதுதான், எந்தக் கருவியும் இல்லை.

ஆறும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. உலைக் குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்கக் குளிராக்கும் நீரில் சோடியம் டைகுரோமேற் கலந்தார்கள். அதன் குரோமியம் நிலத்தடி நீரோடு சேர்ந்து ஆற்றுப் படுகையின் கூழாங்கல்லுக்குள்ளால் மேலே ஊறுகிறது. அந்தக் கூழாங்கல்லில்தான் சினூக் சமன் மீன் முட்டையிடும். அந்த ஆற்று மீனில் யகாமா, உமற்றில்லா, நெஸ் பேர்ஸ் மக்களுக்கு 1855 உடன்படிக்கைகளின் கீழ் உரிமை இருக்கிறது. மீனை அதிகம் சாப்பிடுகிற சனத்தின் ஆபத்தை, மீனைக் குறைவாகச் சாப்பிடுகிற சராசரி அமெரிக்கரை வைத்துக் கணிக்கமுடியாது எல்லோ.

பயத்தைக் கூட்டுவதும் சரியில்லை. கொலம்பியா பெரிய ஆறு. கீழே உள்ள நகரங்களின் குழாய் நீர் குடிநீர்த் தராதரத்துக்குள் இருக்கிறது. துப்புரவும் நடக்கிறது. 2012இலிருந்து ஒரு பெரிய நிலையம் மேட்டுநிலத்தின் மாசுபட்ட நீரை இறைத்துச் சுத்தமாக்கித் திரும்ப நிலத்துக்குள் விடுகிறது. ஆற்றங்கரையில் ஒரு இடத்தில், எங்கட எலும்பிலும் பல்லிலும் இருக்கிற வகைக் கனிமமான அபற்றைற்றை மண்ணுக்குள் உருவாக்கி ஸ்ட்ரொன்சியத்தை மறிக்கிறார்கள். குரோமியம் ஊறிய மண்ணை நீர்மட்டம் வரை தோண்டி அள்ளியிருக்கிறார்கள். ஆனாலும் 2021இல் பி-109 என்ற இன்னொரு பழைய தாங்கி ஒழுகுவதாக அறிவித்தார்கள். இந்த வேலை எங்கட ஆயுளுக்குள் முடியாது.

கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த எங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கு? எந்த ஊரிலும் "பரிசோதிச்சாச்சு, பயப்படத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால், அதை நம்பவோ மறுக்கவோ முதல் சில கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை கிணறு, எந்த ஆழம், எத்தனை தரம்? எதைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை? முந்தி அந்த நிலத்தில் என்ன கொட்டப்பட்டது, அதின்ர பதிவு ஆரிட்ட இருக்கு? அளந்தவருக்குச் சம்பளம் கொடுப்பது ஆர்? அறிக்கையை நாங்கள் முழுசாக வாசிக்கலாமா?

இதில் ஒன்றுக்கும் விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. 1973 மே மாதத்தில் ரி-106இன் தாளை எடுத்து, நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அது தேவைப்பட்டிருக்காது.