உடைத்தெறிந்த மண்

கொழும்பு தேசிய நூதனசாலையிலே பொலன்னறுவைச் சைவத் திருமேனிகளைக் கண்டிருப்பீர்கள், நேயர்களே. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் நடத்திய அகழ்வுகளில் வெளிவந்தவை இவற்றுள் முக்கியமானவை. கூத்தப்பெருமானைப் பார்த்து வியக்கிறோம். சுந்தரமூர்த்தி நாயனாரின் முகத்தில் தோன்றும் பரவசத்தைப் பார்த்து நின்றுவிடுகிறோம். ஆனால் இவற்றைப் பெற்றெடுத்த மண் அச்சை யாரும் நினைப்பதில்லை. நினைப்பதற்கு அது இருந்தால்தானே!

சிற்பி முதலில் செம்பைத் தொடுவதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, திருமேனியை மெழுகிலே செய்கிறான். விரல் நகம், பூணூல், ஆடை மடிப்பு எல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். பின்னர் நன்றாக அரைத்த வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துகிறான். இந்த முதற் பூச்சுத்தான் உயிர். மெழுகின் நுண்ணிய கோடுகளைப் பிடித்து வைத்திருப்பது அதுவே. அதன்மேல் பருமனான மண், கம்பிக் கட்டு, மீண்டும் மண். அச்சைச் சூடாக்கியதும் மெழுகு உருகி வழிய, உள்ளே வெறுமை மாத்திரம் எஞ்சுகிறது. மெழுகை முன்னரே நிறுத்து வைத்திருப்பதால் எவ்வளவு உலோகம் வேண்டுமென்பது தெரியும். செம்பானால் ஏறக்குறைய எட்டு முதல் பத்து மடங்கு. அச்சில் ஈரம் சற்றே தங்கினாலும் வார்க்கும்போது அது வெடிக்கும். காற்றுப் போக வழி இல்லையெனில் கையோ காலோ குறைபடும். மாதக்கணக்கான வேலை ஒரு நொடியில் போய்விடும். மெழுகும் இல்லை, அச்சும் இல்லை.

எல்லாம் சரிவந்தால் அச்சை உடைக்கிறான். ஓர் அச்சு, ஒரு திருமேனி.

இத்திருமேனிகள் சோழ நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவையா, இங்கேயே வார்க்கப்பட்டவையா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. சோழர் 993 அளவில் படையெடுத்து, 1070 வரை பொலன்னறுவையை வைத்திருந்தனர். ஆகவே சிற்பிகளும் வந்திருக்கலாம், சிலைகளும் வந்திருக்கலாம். இங்கே அத்தகைய வல்லமை இருக்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த தாரா தேவியின் சிலை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சோழர் வருகைக்கு இரு நூற்றாண்டுகளாவது முந்தியது. 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே வெற்றிடமில்லாத கனவார்ப்பு, மேலே பொன் முலாம். முன்னாள் தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் 1830 இல் அதனைப் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். நம்மிற் பெரும்பாலோர் அதனைப் படத்திலேதான் பார்க்க முடிகிறது.

உள்ளீடற்ற வார்ப்பானால் வயிற்றினுள் பழைய மண் தங்கியிருக்கும். அந்த மண்ணைச் சோதித்து, அது எந்த ஆற்றங்கரையுடையது என்று ஆராய வழியுண்டு. கனவார்ப்பில் அதற்கு இடமில்லை. செம்பைக் கேட்டாலும் முழுச் சாட்சி கிடைக்காது. பழைய பாத்திரங்களையும் உருக்கி ஊற்றுவது பட்டறை வழக்கம். காவிரி வண்டலா, மகாவலி வண்டலா என்பதைச் சொல்லக்கூடியதாயிருந்தது அந்த அச்சு மண் ஒன்றுதான். திருமேனியின் முகத்தைக் காணும் ஆவலில், சிற்பியே அதைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டான்.