எஸ் வளைவும் முடங்கிய கோடும்

வீடியோவில் பாதசாரியைக் கண்டறியும் நரம்பியல் வலையமைப்பில், ஒவ்வொரு கணுவும் தனக்கு வரும் எண்களை எடைபோட்டுக் கூட்டுகிறது. அந்தத் தொகையில் எவ்வளவு அடுத்த அடுக்குக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது ஆக்டிவேஷன் சார்பு. அது இல்லையென்றால் நூறு அடுக்கு இருந்தாலும் கணக்கு ஒரே அடுக்காகச் சுருங்கிவிடும். தி. நகர் ரங்கநாதன் தெருவில் கடை வாசலில் தொங்கும் புடவையையும் பக்கத்தில் புடவை கட்டி நிற்பவரையும் பிரித்தறிய அந்த ஒற்றை அடுக்கு போதாது.

1943-இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் வகுத்த மாதிரியில் இந்தச் சார்பு வெறும் வாசற்படி. தொகை எல்லையை எட்டினால் ஒன்று, எட்டாவிட்டால் பூஜ்யம். பிழையைப் பின்னோக்கி அனுப்பி எடைகளைத் திருத்த வேண்டுமானால் சரிவு தேவை. படிக்கு அது கிடையாது. ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் அந்தத் திருத்தமுறையைப் பரவலாக்கியபோது, படியின் விளிம்பை மழுக்கிய எஸ் வடிவ சிக்மாய்டும் கூடவே பரவியது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பி. யக்ஞநாராயணாவின் 'ஆர்ட்டிஃபிஷியல் நியூரல் நெட்வொர்க்ஸ்' என்ற பாடநூல் 1999-இல், சிக்மாய்டு கோலோச்சிய நாளில், வெளிவந்தது.

சிக்மாய்டின் சரிவு அதிகபட்சமே கால்தான். பத்து அடுக்கு பின்னோக்கிப் போவதற்குள் சார்பின் பெருக்கம் மட்டுமே திருத்தத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்த்துவிடும். முதல் அடுக்குகள் ஏறக்குறைய எதையும் கற்பதில்லை. பாதசாரியைக் கண்டறியும் துறையும் வேறு வழியில் போனது. 2005-இல் பிரான்சில் நவ்நீத் தலாலும் பில் ட்ரிக்ஸும் உருவ விளிம்புகளின் திசைகளை எண்ணி ஆளைக் கண்டுபிடித்தார்கள். அதில் நரம்பியல் வலை இல்லை.

மருந்து எளிது: எதிர்மறை எண்ணைப் பூஜ்யமாக்கு, மற்றதை அப்படியே விடு. ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுஷிமா 1969-இலேயே இதைக் கையாண்டிருந்தும் நாற்பது ஆண்டு யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. வினோத் நாயரும் ஹிண்டனும் 2010-இல் இதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், பெயர் ரெலு. 2012-இல் படங்களை வகைப்படுத்தும் அலெக்ஸ்நெட் வலையமைப்பை உருவாக்கிய குழு நடத்திய ஒரு சோதனையில், சிக்மாய்டின் உறவான டான்ஹெச்சைவிட ஆறு மடங்கு விரைவாக ரெலு கற்றது. எப்போதும் பூஜ்யத்திலேயே முடங்கிவிடும் கணு மீண்டெழாது என்பது அதன் குறை. அதனால் 2015-இல் வந்த, படத்தில் பொருள்களைக் கண்டறியும் யோலோ வலையமைப்பு, எதிர்மறையிலும் பத்தில் ஒரு பங்கைக் கசியவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் மித்தேஷ் கப்ரா என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் தளம் வழியாக நடத்திய ஆழ்கற்றல் பாடத்தில் இந்த மாற்றுச் சார்புகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு.

சிக்மாய்டு ஒழிந்துவிடவில்லை. 2018-இல் வந்த யோலோவின் மூன்றாம் பதிப்பில், கடைசியில் 'இது மனிதரா' என்பதற்கு மதிப்பெண் தருவது அதுதான். ஆனால் அதன்பின் நடக்கும் வடிகட்டலில், ஆட்களைச் சுற்றி வலையமைப்பு வரையும் கட்டங்களில் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் படிபவை ஒரே ஆளின் நகல்களாகக் கருதப்பட்டு நீக்கப்படுகின்றன. தீபாவளி நெரிசலில் ரங்கநாதன் தெருவில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நடப்பவர் அங்கேதான் காணாமல் போகிறார். எந்த ஆக்டிவேஷன் சார்பை மாற்றினாலும் அந்த இடம் சரியாவதில்லை.