தூரம் என்னும் நோயும் அதனைத் தணித்த குரல்களும்

அவுஸ்திரேலியாவில் ஒரு நோயாளியின் விதியை நிர்ணயிப்பதில் நோய்க்கு அடுத்த இடம் தூரத்துக்கே உரியது. சிட்னி, மெல்பேர்ண் ஆகிய பெருநகரங்களில் வாழும் எம்மிற் பலர் இதனை அவ்வளவாக உணர்வதில்லை. ஆனால் வேலை தேடியும் விசா நிபந்தனையினாலும் நாட்டுப்புறப் பட்டினங்களுக்குச் சென்ற எமது குடும்பங்கள் இதனை நன்கறியும். ஆகவே, இந்நாட்டின் பிராந்திய மருத்துவ சேவை எவ்வாறு தோன்றியது, இன்று ஏன் தள்ளாடுகிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

1917ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஹோல்ஸ் கிறீக் என்னும் இடத்துக்கு ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணைத் தொழிலாளி கடுங்காயத்துடன் கொண்டுவரப்பட்டார். அங்கே வைத்தியர் இல்லை. முதலுதவி கற்றிருந்த தபாலதிபர் ரக்கெற் என்பவரே இருந்தார். பேர்த் நகரிலிருந்த வைத்தியர் ஹொலண்ட் தந்தி மூலம் படிப்படியாக அறிவுறுத்த, தபாலதிபர் பேனாக்கத்தியினால் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் வைத்தியரே கப்பலேறியும் மோட்டார் வண்டியிலும் அவ்விடம் நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்தபோது நோயாளி முதல் நாளே இறந்துவிட்டார். இச்செய்தி பத்திரிகைகள் வாயிலாக நாடெங்கும் பரவியது. யாருமறியாது மறைந்திருக்க வேண்டிய ஒரு தொழிலாளியின் மரணம் நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது.

ஜோன் பிளின் என்னும் மதகுரு 1912 முதல் உள்நாட்டு மக்களுக்காக உழைத்து வந்தார். மருத்துவம் பயின்றவரும் விமானப் படையிற் சேர்ந்தவருமான கிளிபர்ட் பீல் என்ற இளைஞர், விமானத்தில் வைத்தியரை அனுப்பலாம் என 1917இல் அவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே பீல் பிரான்சின் போர்முனையில் மடிந்தார். அவருடைய யோசனை மடியவில்லை. 1928 மே மாதம் குயீன்ஸ்லாந்தின் குளோன்கறி நகரில் பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கியது. முதலாண்டில் 50 பயணங்கள் மேற்கொள்ளப்பட்டு 225 நோயாளர் கவனிக்கப்பட்டனர்.

விமானம் மட்டும் இருந்தாற் போதுமா? அதனை அழைப்பது எவ்வாறு? அல்பிரட் டிறேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அமைத்தார். 1929 முதல் தனித்த பண்ணை வீடுகளில் அது பொருத்தப்பட்டது. மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத வீட்டிலிருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் நோயைத் தானே அறிவிக்க இயன்றது. தூரத்தை வென்றது விமானத்தின் இறக்கை மட்டுமன்று, அத்தாயின் குரலுமாகும்.

பறந்து வரும் வைத்தியரோடு ஊரிலே தங்கும் வைத்தியரும் தேவை. இவ்வுண்மையை எமது மண் முன்னரே கண்டிருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எமது இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியேறுவதைக் கண்ட அவர், 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றோர் தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவரது கணிப்பு. அவர் 1873இல் நாடு திரும்பும் முன் பயிற்றுவித்தோர் அறுபதுக்கு மேற்பட்டவர். நாட்டுப்புறத்திற் பயில்வோர் நாட்டுப்புறத்திலே தங்குவர் என்ற அதே எண்ணத்துடன், 2000ஆம் ஆண்டளவிலிருந்து அவுஸ்திரேலிய அரசும் பிராந்தியங்களில் மருத்துவக் கல்விக் கூடங்களை நிறுவி வருகிறது.

ஆயினும் குறை தீரவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மேற்சபைக் குழுவொன்று பிராந்திய மருத்துவ சேவையை விசாரித்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட எழுத்துமூல முறையீடுகள் அதற்குக் கிடைத்தன. வைத்தியர் இல்லாத வைத்தியசாலைகள் பற்றியும், தாதியர் பற்றாக்குறையாற் சமையற் பணியாளரும் துப்புரவுப் பணியாளரும் நோயாளரைக் கவனிக்க நேர்ந்தமை பற்றியும் சாட்சியங்கள் கூறப்பட்டன. நாட்டுப்புற மக்கள் நகர மக்களைவிட மோசமான உடல்நலத்துடன் வாழ்ந்து முந்தி இறக்கின்றனர் என்று குழு கண்டது. ஊழியர் தம் குறைகளைச் சொல்ல அஞ்சும் சூழல் நிலவுவதையும் அது சுட்டிக்காட்டியது.

சேவையை அளக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விக்டோரியாவில் மிக அவசரமான அழைப்புகளில் 85 வீதத்துக்கு அம்புலன்ஸ் 15 நிமிடத்துள் செல்லவேண்டும் என்பது மாநில இலக்கு. 7,500 பேருக்கு மேல் வாழும் பட்டினங்களுக்கு அவ்விலக்கு 90 வீதம். அதனிலும் சிறிய ஊர்களுக்கு அத்தகைய தனி இலக்கு இல்லை. அங்கு வாழ்பவர் மாநிலச் சராசரிக்குள் மறைந்து போகிறார். சராசரி என்பது ஆற்றின் நடுப்பகுதி ஆழம் போன்றது. கரையில் நின்று அதனைக் கேட்டு இறங்குபவனுக்கு அது பாதுகாப்பன்று.

இவ்விடயம் எம்மவர்க்கு மிக நெருங்கியது. 2014இற் கொண்டுவரப்பட்ட ஐந்தாண்டு விசாவொன்று, பிராந்தியத்தில் 42 மாதங்கள் அரச உதவிப்பணமின்றி வேலை செய்தோர் அல்லது கல்வி கற்றோர் வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. இறைச்சித் தொழிற்சாலைகளையும் பழத்தோட்டங்களையும் நாடி எம்மவர் சென்றனர். 2023 பெப்ரவரியில் அவ்விசாவினருக்கு நிரந்தர வதிவிட வழி திறக்கப்பட்டது. ஆயினும் பலர் சென்ற ஊர்களிலேயே வேரூன்றிவிட்டனர். அங்கு அவர்களுக்குத் தூரம் இரண்டு: ஒன்று மைல்களால் ஆனது, மற்றையது மொழியால் ஆனது.

இரண்டாவது தூரத்தைக் குறைக்க வழிகள் உள்ளன. 000 என்னும் இலக்கத்தை அழைத்து "அம்புலன்ஸ்" என்றும் "தமிழ்" என்றும் சொன்னாற் போதும், மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். 1973இல் தொடங்கிய அரச மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450. தாயின் நோயைச் சொல்லப் பாடசாலைப் பிள்ளையை நடுவில் நிறுத்துவதை நாம் கைவிடவேண்டும். பிள்ளைக்குத் தெரியாத சொல்லும், பிள்ளையிடம் தாய் சொல்லக் கூசும் செய்தியுமே பலவேளை உயிரைக் காப்பவை. அம்புலன்ஸ் கட்டணத்தை மெடிகெயர் பொறுப்பதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். சலுகை அட்டை உடையோருக்கு இவ்விரு மாநிலங்களிலும் விலக்குண்டு. ஏனையோர் காப்புறுதியை முன்கூட்டியே பெறுதல் நன்று. கட்டணத்துக்கு அஞ்சி அழைப்பைத் தாமதிக்க வேண்டாம்.

குயீன்ஸ்லாந்தில் 2007இல் ஒரு சிறுவன், தவிர்த்திருக்கக்கூடிய மரணமெய்தினான். அவனது பெற்றோரின் கவலைக்கு உரிய செவி கிடைத்திருக்கவில்லை. அவர்கள் ஓயாது குரல் கொடுத்ததன் விளைவாக 2013இல் "ரயன் விதி" பிறந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று கருதும் குடும்பத்தினர் மீள்பரிசோதனை கோரும் உரிமையை அது தருகிறது. நியூ சவுத் வேல்ஸ் வைத்தியசாலைகளிலும் இத்தகைய ஏற்பாடுண்டு.

டார்சி முதல் இச்சிறுவன் வரை வரலாறு காட்டுவது ஒன்றே. சொல்லப்பட்ட துன்பம் சேவையைத் திருத்தியது, சொல்லப்படாத துன்பம் சராசரிக்குள் புதைந்தது. தஞ்சம் தந்த நாட்டிற் குறை சொல்வது நன்றியின்மை என்று எம்மிற் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. நேர்மையான முறைப்பாடு அடுத்து வரும் நோயாளிக்கு, அவர் எவ்வினத்தவராயினும், நாம் செய்யும் உதவியாகும்.