பால்மரத்தின் காயமும் பட்டையின் புத்துயிரும்

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான புகைவண்டிப் பாதை 1909இல் முடிவுற்றது. அதனையொட்டிக் காடுகள் திருத்தப்பெற்று, ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் உளியோடு நிரைக்குச் சென்ற தமிழரின் கைத்திறனில் ஓர் உயிரியல் உண்மை அடங்கியிருந்தது. மரத்தைக் காயப்படுத்தினால்தான் பால் கிடைக்கும். ஆயினும் அக்காயம் ஆறக்கூடிய அளவோடு நிற்கவேண்டும். இவ்வுண்மை ஒரே நாளில் அறியப்பட்டதன்று.

பிரேசில் காடுகளில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். வெட்டு உள்ளிருக்கும் கட்டையையே தொட்டது. புண் கரடுமுரடாக ஆறியதால், அவ்விடத்தில் மீண்டும் பால் எடுத்தல் அரிதாயிற்று. விக்காம் என்பவர் 1876இல் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்தமுறை அதே வெட்டின் கீழ்விளிம்பை மட்டும் சீவும் முறையை 1890களில் வகுத்தார். மறுபடி சீவும்போது பால் பெருகுவதை, இலங்கைப் பேராதனைத் தோட்டத்தைச் சார்ந்த பார்க்கின் அப்பத்தாண்டின் இறுதியில் ஆராய்ந்தார்.

இம்முறையால் மரம் அழியாதிருப்பது எவ்வாறு? கட்டைக்கும் பட்டைக்கும் இடையே கேம்பியம் எனப்படும் மிக மெல்லிய வளர்படலம் உண்டு. அதன் உயிரணுக்கள் பிரிந்து, உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் ஆக்குகின்றன. கேம்பியத்தை அடுத்துள்ள இளம்பட்டையில் பால்குழாய்கள் செறிந்திருக்கும். வெளியே தள்ளப்படுந்தோறும் அவை முதுமையுற்றுச் சிதையும். மேற்புறத்துத் தக்கை அணுக்களோ உயிர்நீத்து மரத்திற்குப் போர்வையாகும்.

உளி சீவிய இடத்தில் முதுமையும் இளமையும் சேர்ந்தே பணியாற்றுகின்றன. அறுபட்ட மேற்பரப்பு அணுக்கள் உலர்ந்து மடிகின்றன. அவற்றினடியில் புதிய தக்கை தோன்றி, நீரிழப்பையும் நோய்க்கிருமிகளையும் தடுக்கிறது. அக்கூரையின்கீழ்க் கேம்பியம் புதுப்பட்டையை வளர்க்கிறது. வழி வேறாயினும், விலங்குடலிலும் முதிய அணுக்களுக்குப் பணி உண்டென்பது பின்னாளில் தெரியவந்தது. பிரிதலை நிறுத்திவிட்ட அணுக்கள் தோற்புண்ணில் தோன்றி, தாம் சுரக்கும் பொருளால் புண் விரைந்து மூட உதவுகின்றன என்பதை எலிகளில் நடந்த ஆய்வு 2014இல் காட்டியது.

கேம்பியத்திற்குமேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவவேண்டும். உளி அதனினும் ஆழ்ந்தால் கேம்பியம் புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நன்கு சீவிய பட்டையும் மறுவெட்டுக்குத் தேற ஆறேழு ஆண்டுகளாவது செல்லும். அப்பொறுமையின்றி அளவுமீறி வெட்டினால் மரம் பால் வற்றிப்போகும்.

தோட்டக் கணக்கேடுகளில் பால் வெட்டியோர் ‘கூலி’கள் எனவே குறிக்கப்பட்டனர். கேம்பியம் என்னும் சொல்லை அவர்களுட் பலர் கேட்டறியார். ஆயினும் அரையிருளில், கையுணர்ச்சி ஒன்றையே துணைக்கொண்டு, அந்த ஒரு மில்லிமீட்டரை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் காத்தனர். ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பயன் தந்ததெனில், அதில் ரிட்லியின் முறைக்குள்ள பங்கு அவர்தம் கைகளுக்கும் உண்டு. ஜொகூரில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அக்கைத்திறனையும் மலேசியத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியாக மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடனாகும்.